கர்ணன் பாவம் என்றால் போதுமா?

போன மாதம் தமிழ்த் தேர்வில் ஒரு கேள்விக்கு அஞ்சுக்கு ரெண்டு மார்க் வாங்கினேன். அதை ஊரறியச் சுவரில் ஒட்ட வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏன்னா எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்கு அதே ரெண்டுதான்.

கேள்வி இதுதான்: கர்ணனின் வீழ்ச்சிக்குக் காரணம் என்ன? ஒரு பத்தியில் சான்றுடன் விளக்குக. நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். கர்ணன் பாவம், கர்ணன் வள்ளல், விதி வலியது, கண்ணன் செய்தது அநியாயம் என்று நிறைய எழுதினேன். ஐயா ஓரத்தில் சிவப்பு மையில் "சான்று எங்கே?" என்று மட்டும் எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. நான் கைடைப் பார்த்து எழுதவில்லை, அழுது எழுதினேன். போளூர்ப் பக்கம் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் இறந்து, பதினாறாம் நாள் கருமாதிக்குக் கூத்து வைத்திருந்தார்கள். அந்தப் பக்கமெல்லாம் கருமாதி என்றால் 'கர்ண மோட்சம்' வைப்பது வழக்கம். அப்பாவோடு நானும் போய் விடிய விடியப் பார்த்தேன். அதில் பொன்னுருவி, கட்டிய மனைவி, புருஷனையே தேரோட்டி மகன் என்று இளக்காரமாகப் பேசுகிற இடம் வருகிறது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. கீழே சந்தைக்குப் புளி மூட்டையோடு போகும்போது "ஏய் மலைக்காரி" என்று கூப்பிடுவார்களே, அந்தக் குரல்தான் காதில் கேட்டது. இதை அனுபவிச்ச நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டாம்.

ஆனால் இப்போது யோசித்தால் ஐயா கேட்டது நியாயம். எனக்கு அழுகை வந்தது என்பது என்னைப் பற்றிய செய்தி. கர்ணனைப் பற்றி அது ஒன்றும் நிரூபிக்கவில்லை.

அன்று ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஒன்று சொன்னார். மூணாவதுக்கு மேல் படிக்காதவர். "ஏம்மா, அவன் தன் பிறப்பு ரகசியத்தைப் பொண்டாட்டிகிட்ட எப்ப சொல்றான் பார்த்தியா? சாகப்போற அன்னைக்கு. அதுக்கு முன்னாடி ஒரு நாள் வாயத் திறந்திருந்தா அவ அப்படிப் பேசியிருப்பாளா?" அப்பா ஒரு இடத்தைக் காட்டினார், அதிலிருந்து ஒன்றைச் சொன்னார். ஒன்றரைப் பக்கத்தில் நான் செய்யாததை மலைப்பாதையில் ரெண்டு வளைவு திரும்புவதற்குள் செய்துவிட்டார்!

சான்று என்றால் சம்பவத்தைச் சொல்லிவிட்டு ஓடுவதும் இல்லை. நம்ம மலையிலேயே இருக்கிற காவலூர் வானாய்வு நிலையத்தைப் பாருங்கள். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதை அங்கேயும் கவனித்தார்கள். கோள் வருவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி கொஞ்சம் மங்கிப் பதிவானது. அது ஒரு துணைக்கோளாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். வேறு இடங்களில் எடுத்த பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று தெரிந்தது. பதிவு அதேதான், அதைப் படித்த விதம்தான் மாறியது. (நாடகத்துக்கு நடுவில் யுரேனஸ் எதற்கு என்று இயற்பியல் ஐயா சிரிப்பார். சிரிக்கட்டும்.)

வில்லிபாரதத்தை வைத்து மறுபடி எழுதிய என் பத்தி இது:

"கர்ணனை வீழ்த்தியது விதி அல்ல, அவன் கொடுத்த வாக்கு. போருக்கு முன் குந்தி வந்து, நாகக்கணையை இரண்டாம் முறை விடக்கூடாது என்று வரம் கேட்கிறாள். அவனும் கொடுக்கிறான். பதினேழாம் நாள் போரில் கண்ணன் தேரை அழுத்தியதால் அந்தக் கணை அர்ச்சுனனின் முடியை மட்டும் கொண்டுபோகிறது. நாகமே திரும்பி வந்து மறுபடி விடச் சொல்லியும் கர்ணன் மறுக்கிறான். அந்த நேரத்தில் அவன் கையைப் பிடித்தவர் யாருமில்லை. குந்தி போர்க்களத்தில் இல்லை, துரியோதனனுக்கு இந்த வாக்கே தெரியாது. மீறினால் கேட்க ஆளில்லாத இடத்திலும் மீறாததால், இந்த முடிவு அவனே எடுத்தது என்று சொல்லலாம்."

எட்டு வரிகூட இல்லை. நாலு மார்க் கிடைத்தது. இதில் கடைசி ரெண்டு வாக்கியம்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சம்பவத்தைச் சொல்ல எல்லாருக்கும் வரும், கதை நமக்குத் தெரிந்ததுதானே. "அதனால் என்ன?" என்ற கேள்விக்கு உட்கார்ந்து பதில் எழுதத்தான் பொறுமை வேண்டும்.

மீதி ஒரு மார்க் எங்கே போச்சு என்று கேட்டேன். "குந்தியை அனுப்பியதே கண்ணன்தானே, அதை ஏன் விட்டாய்?" என்றார். உண்மைதான், என் கட்சிக்கு இடிக்கும் என்பதால் தெரிந்தே விட்டேன். என் தோழி அதையே பிடித்துக்கொண்டு, கண்ணன்தான் காரணம் என்று எழுதி அவளும் நாலு வாங்கினாள். அவள் முடிவை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கவச குண்டலம் கேட்டு வந்தவன் இந்திரன் என்று தெரிந்தே கொடுத்தவனை, யாரோ ஏமாற்றிக் கெடுத்தார்கள் என்று எப்படிச் சொல்வது? அவளிடம் இதற்கும் ஒரு பதில் இருக்கிறதாம். அடுத்த இதழில் எழுதட்டும்.

கைடு பற்றி ஒரு வார்த்தை. அதில் இருப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. நாற்பது பேப்பரிலும் அதே மூணு வரி இருந்தால், ஐயா நாற்பது தடவை ஒரே ஆளைத்தான் படிக்கிறார். அதில் நீங்களும் இல்லை, நானும் இல்லை.

இப்போது பொன்னுருவியைப் பற்றி ஒரு பத்தி எழுதி வரச் சொல்லியிருக்கிறார் ஐயா. அவள் பேசினது ஆணவமா, இல்லை அவளிடமே உண்மையை மறைத்ததன் விளைவா என்று பார்க்க வேண்டும். அப்பா சொன்னதை வைத்தே எழுதிவிடலாம், ஆனால் புத்தகத்தில் அந்த இடம் எப்படி இருக்கிறதென்று பார்க்காமல் எழுத இப்போது பயமாக இருக்கிறது. யார் வீட்டிலாவது கர்ண மோட்சம் கூத்துப் புத்தகம் இருந்தால் ஒரு வாரம் இரவல் கொடுங்கள். அட்டை கிழியாமல் திருப்பித் தருவேன்.

- பதினோராம் வகுப்பு மாணவி