அப்பா கொடுத்தது சுகர் மட்டும்தானா?

“எங்கப்பாவுக்கு சுகர், அதான் எனக்கும் வந்துருச்சு.” மதுரை ஆனையூர் டீக்கடையில் சீனி போடாமல் டீ கேட்பவரிடம் காரணம் விசாரித்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான். “எங்க வம்சத்துலயே கெடையாது, எனக்கு வராது” என்பவரும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: இது பரம்பரை வியாதி, நம் கையில் ஒன்றுமில்லை.

பரம்பரைதான் எல்லாம் என்றால் கணக்கு இடிக்கிறது. சென்னையில் 1989-இல் பெரியவர்களில் 8.3 சதவீதம் பேருக்கு இருந்த சர்க்கரை நோய் 1995-இல் 11.6, 2000-இல் 13.5, 2004-இல் 14.3 என்று ஏறியது. பதினைந்து வருடத்தில் ஓர் ஊரின் மரபணு மாறிவிடாது. 1989 வாக்கில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் கிராமத்திலும் பார்த்தார்கள், அங்கே 2.4 சதவீதம்தான். அதே தமிழர்கள்தான், மாறியது பிழைப்பு. ஆனையூரே 2011-இல்தான் மதுரை மாநகராட்சிக்குள் வந்தது. தாத்தா வயலுக்கு நடந்த ஊரில் பேரன் பைக்கில் போய், நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா தின்கிறான்.

“வீட்ல எல்லாருக்கும் இருக்கே, அது பரம்பரை இல்லாம என்ன?” என்பார்கள். வீட்டில் மருமகளும் இருக்கிறாள். கணவன் மனைவியில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம் கூடுகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சொல்கிறது. (மாமன் மகளைக் கட்டியவர்கள் கணக்கு வேறு!) குடும்பம் என்பது ரத்தம் மட்டுமில்லை, ஒரே சோற்றுப்பானையும்தான்.

அதற்காக மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொன்னால் அது பொய். டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவின் ஒரு வடிவம் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2006-இல் ஐஸ்லாந்தில் கண்டார்கள். சென்னையிலும் அது உறுதியானது. தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்றவருக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அது பெரும்பாலும் கை வைப்பது கணையத்தின் இன்சுலின் சுரப்பில். கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு சேரச் சேர இன்சுலின் சொல்லை உடம்பு கேட்பதில்லை. ஈடுகட்டக் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. அந்தப் பாரத்தை எத்தனை வருடம் தாங்கும் என்பதில் மரபணுவுக்குப் பங்குண்டு. பாரத்தின் பெரும்பகுதி தொந்தியிலிருந்தும் அசையாத காலிலிருந்தும் வருகிறது.

“நான் ஒல்லி, எனக்கென்ன?” புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் 2004-இல் தங்கள் படத்தையே லான்செட் இதழில் போட்டார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு இருவருக்கும் 22.3. உடம்புக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. எடை மெஷினை விட டெய்லரின் டேப் நமக்கு உண்மை சொல்லும்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரை எட்டினால் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ரத்தம் பார்த்துவிட வேண்டும்.

கடைசி வாதம், “வர்றது வந்தே தீரும்.” 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு இதற்கு நேரடியான பதில். சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேரை ராமச்சந்திரன் குழு மூன்று வருடம் கவனித்தது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் நோயாளிகளானார்கள். நடை, உணவுக் கட்டுப்பாடு என்று தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் 39.3 சதவீதம். நூற்றுக்கு அந்த 39 பேரை மறைக்க வேண்டியதில்லை, எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லைதான். மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே பலனையே தந்தது. இரண்டையும் சேர்த்தும் கூடுதல் லாபமில்லை. நடந்து தப்பியவர்களுக்கு எடை சொல்லும்படி குறையவும் இல்லை. பிறகு எப்படித் தப்பினார்கள்? வேலை செய்யும் தசை இன்சுலினை எதிர்பாராமலே ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அப்பாவுக்கு சுகர் இருந்தாலும் அப்படித்தான்.