வடகடலில் மறையாத சூரியன்

என் தமக்கையின் மகன் வல்வெட்டித்துறைக் கரையில் நின்று எடுத்த படமொன்றைச் சென்ற மார்கழியில் எனக்கு அனுப்பியிருந்தான். "எப்பிடி இருக்குது மாமா?" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதவில்லை. கரும்பாறை, நுரைத்தெழும் அலை, மேலே கனத்துத் தொங்கும் முகில், அடிவானத்தில் அம்முகிலைப் பிளந்து வெளிப்படும் செம்மஞ்சள் ஒளி. நன்றாகத்தான் இருந்தது. இரண்டாந் தடவை பார்த்தபோதே ஏதோ இடறியது. வல்வெட்டித்துறைக் கரை வடக்கு நோக்கியது. மார்கழியிற் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் விழுகிறது. நண்பகலிலும் நமக்குத் தெற்கேதான் நிற்கிறது. அம்மாதத்தில் அக்கடலின் அடிவானத்திற் சூரியன் மறைவதை அவ்வூரில் எவரும் கண்டிருக்க முடியாது.

தொலைபேசியிற் கேட்டேன். அவன் மறைக்கவில்லை. "வானம் சும்மா வெள்ளையாக் கிடந்தது மாமா. ஒரு உயிரும் இல்லை. அதுதான் வேறை வானம் போட்டனான். இப்ப எல்லாரும் செய்யிறதுதானே?" என்றான். அது உண்மைதான். போட்டோஷொப் மென்பொருளில் 2020இலிருந்து வானத்தை மாற்றுவதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. அதற்கு முன்னர் அரைநாள் இருந்து செய்த வேலையை இன்று கைத்தொலைபேசி ஒரு தட்டலிற் செய்துவிடுகிறது.

அந்த வெள்ளை வானத்தில் உண்மையிலேயே உயிர் இல்லையா என்பதுதான் என் கேள்வி.

குளிர்காலக் கடல் என்றதும் கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கும் வாசகர்களுக்குப் பனி மூடிய கரை நினைவுக்கு வரலாம். எங்கள் குளிர்காலம் மாரிதான். ஐப்பசியிலிருந்து வாடைக்காற்று வீசும். ஆண்டு முழுவதற்குமான மழையின் பெரும்பகுதி அடுத்து வரும் இரண்டு மூன்று மாதங்களில் யாழ்ப்பாணத்தில் விழுந்துவிடும். சோளகக் காலத்திற் குளம்போலக் கிடந்த வடகடல் அப்போது எழும்பி நிற்கும். வள்ளங்களைக் கரையில் இழுத்தேற்றி விடுவார்கள். வானம் மப்பும் மந்தாரமுமாக இருக்கும். இந்த மப்பைத்தான் புதிதாகப் படமெடுப்போர் குறையென்று கருதுகிறார்கள்.

மப்பு என்பது ஒளியில்லாமை அன்று. சூரியனின் ஒளி முழுவானத்திலும் பரந்து கீழிறங்கும் நிலை அது. நிழல்கள் கூர்மையிழக்கும். கரும்பாறைக்கும் நுரைக்கும் இடையிலுள்ள சாம்பல்நிறப் படிகள் அப்போதுதான் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியும். கரையோரத்திற் சுண்ணாம்புக் கல்லின்மேல் நீர் வெளிறிய பச்சையாகவும், அதற்கப்பால் ஈயநிறமாகவும், மழை இறங்கும் இடத்தில் வானோடு கலந்து எல்லையே இல்லாமலும் இருக்கும். சித்திரை வெயிலில் அதே இடத்தில் எடுத்த படத்திற் சூரியன் உச்சியில் நிற்பதால் கடல் தட்டையான நீலத்தகடுபோல இருக்கும். மாரியில் அப்படியன்று. மருமகன் "ஒரு உயிரும் இல்லை" என்று கழித்த வானந்தான் கீழேயிருந்த அத்தனை சாயல்களையும் உண்டாக்கியது. அதை எடுத்துவிட்டு வேறு வானத்தை வைத்தபோது, கடலின் ஒளி ஓரிடத்திலிருந்தும் வானத்தின் ஒளி வேறோரிடத்திலிருந்தும் வருவதாயிற்று. முதலில் இடறியது அதுதான்.

அப்படியாயின் மாரிக்கடற் படத்தைச் சீர்ப்படுத்தவே கூடாதா? தாராளமாகச் சீர்ப்படுத்தலாம். ஆனால், அதிற் பெரும்பகுதியைக் கரையில் நின்றே செய்துகொள்ளலாம் என்பதே நான் கண்டது.

முதலாவது, கமரா பொய் சொல்லும். அதன் ஒளிமானி தான் காணும் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல்நிறமாகவே எண்ணிக்கொள்ளும். வெளிறிய வானமும் வெண்ணுரையும் சட்டகத்தை நிரப்பும்போது வெளிச்சம் மிகுதி என்று கருதிப் படத்தை இருளச் செய்துவிடும். பலர் அதைத்தான் சோகம் என்று கொள்கிறார்கள். அது சோகமன்று, சேறு. ஒளியளவை முக்கால் படியோ ஒரு படியோ கூட்டி வைத்தால் நுரை நுரையாகவும் வானம் வானமாகவும் இருக்கும். இருள வேண்டுமென்றாற் பின்னர் இருளச் செய்யலாம். நுரையின் வெண்மை ஒருமுறை எரிந்துபோனால் மீளாது என்பதால், கூட்டும்போது வரைபடத்தின் வலது விளிம்பை மாத்திரம் கவனித்துக்கொள்ள வேண்டும். அதேபோல, நிறச் சமநிலையைக் கமராவின் விருப்புக்கு விட்டால் மாரிக்குரிய நீலச்சாயலை அது கழுவித் துடைத்துவிடும். அதைப் பகல் ஒளிக்கு நிறுத்திவைப்பது என் வழக்கம்.

இரண்டாவது, அலையின் வேகம். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் திறந்தால் தெறிக்கும் துளி ஒவ்வொன்றும் கண்ணாடி மணியாக நிற்கும். கால்நொடி திறந்தால் பின்வாங்கும் நீர் மணலில் இழுத்துச் செல்லும் கோடுகள் பதியும். ஒளியை ஆயிரம் மடங்கு குறைக்கும் கறுப்பு வடிப்பானை வில்லைக்கு முன்னாற் பூட்டி அரைநிமிடம் திறந்து வைத்தால் கடல் பால்போலவும் புகைபோலவும் ஆகிவிடும். இந்த மூன்றாவது வகைதான் இன்று உலகெங்கும் மலிந்து கிடக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. வாடைக்கடலின் இயல்பே அதன் ஓயாத அசைவு. அதைப் பாலாக்கிவிட்டால் எந்த நாட்டுக் கடலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். யப்பானியரான ஹிறோஷி சுகிமோட்டோ 1980இலிருந்து உலகின் கடல்களை எடுத்துவருகிறார். அடிவானம் படத்தைச் சரிபாதியாக வெட்டும். மேலே வானம், கீழே நீர், வேறெதுவும் இராது. நாடகத்தன்மை என்பது கடுகளவும் இல்லை. ஆயினும், அவர் படங்களில் ஒரு கடல் இன்னொரு கடலாக இல்லை.

மற்றவை சிறிய விடயங்கள்தாம், ஆனால் படத்தைக் கெடுப்பவை அவையே. தூவானத்தில் வில்லையை இரண்டு நிமிடத்துக்கு ஒருதடவை துடைக்கவேண்டும். உப்புப் படிந்திருந்தால் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாலே துடைக்கவேண்டும். உலர்ந்த துணி உப்பை அரத்தூளாக்கிவிடும். முக்காலியின் கால்கள் ஈரமணலிற் புதையும்வரை அழுத்தி நிறுத்தாவிட்டால் அடுத்த அலைக்கு அடிவானம் சரிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மழை ஓய்ந்த பின்னர் போவதில் பயனில்லை. ஒரு மழைக்கும் மறு மழைக்கும் இடையிலான பத்து நிமிடத்துக்காக முன்னரே போய்க் காத்திருக்கவேண்டும். சூரியன்தான் வேண்டுமென்றால் பருத்தித்துறையைத் தாண்டிக் கரை கிழக்கே திரும்பும் இடத்துக்குப் போகலாம். மணற்காட்டின் மணற்குன்றுகளும், மணலிற் பாதி புதைந்த பழைய அந்தோனியார் தேவாலய இடிபாடும், சவுக்குக் காடும் அங்கே உண்டு. மார்கழி விடியலிற் சூரியன் அந்தக் கடலிலிருந்துதான் எழும்.

வானத்தை மாற்றுவது இன்று தோன்றிய பாவமன்று என்பதையும் சொல்லவேண்டும். 1856, 1857ஆம் ஆண்டுகளிற் பிரெஞ்சு ஒளிப்படக்காரர் குஸ்தாவ் லு கிறே நோர்மண்டிக் கரையிலும் மத்தியதரைக் கடலோரத்துச் செற் துறையிலும் கடற்படங்கள் எடுத்தார். அவற்றுட் பலவற்றில் வானத்துக்கு ஒரு கண்ணாடித்தகடும் கடலுக்கு வேறொரு தகடுமாக இரண்டை இணைத்தே அச்சிட்டார். ஒரே முகில் வெவ்வேறு கடல்களுக்கு மேல் நிற்பதையும் காணலாம். ஆனால், அன்றைய கொலோடியன் தகடு நீல ஒளியை அளவுக்கு மிஞ்சி உள்வாங்கியது. கடலுக்குப் போதுமான நேரம் கொடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். கண் கண்டதைத் தகடு காணவில்லை. அந்தக் குறையை நிரப்பவே அவர் இணைத்தார். இன்றைய கமராவுக்கு அந்தக் குறை இல்லை. நாம் இணைப்பது கண் காணாததை.

இதை நான் நீதிபதியின் ஆசனத்திலிருந்து எழுதவில்லை. 2002இல் ஏ-9 பாதை திறந்ததற்குப் பிந்திய ஒரு கார்த்திகையில், நான் அப்போது பணியாற்றிய பத்திரிகைக்குத் தாழமுக்க எச்சரிக்கைச் செய்தியோடு போடுவதற்குக் கடற்படம் ஒன்று தேவைப்பட்டது. அடைமழை. கரைக்குப் போக ஆளில்லை. கோப்பில் ஆவணி மாதத்துப் படமொன்று கிடந்தது. பக்கம் வடிவமைத்தவர் அதன் வானத்தைக் கறுப்பாக்கினார், அலைகளின் வெண்மையைக் கூட்டினார். "கொந்தளிக்கும் வடகடல்" என்று அதன் கீழ் எழுதியவன் நான். அந்த வரிக்காக அன்று சிறிது பெருமைப்பட்டதாகவும் ஞாபகம்.

மூன்று நாள் கழித்து அந்தக் கரைக்குப் போனபோது, வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், நான் பத்திரிகைக்காரன் என்றறிந்ததும் அந்தப் பத்திரிகையைத் தம் வாடியிலிருந்து எடுத்துவந்து காட்டினார். "தம்பி, இது சோளகத்திலை எடுத்த படமெல்லோ? வள்ளமெல்லாம் தண்ணிக்குள்ளை நங்கூரத்திலை நிக்குது. வாடைக்கு ஆர் இப்பிடி விடுவான்?" என்றார். பிறகு, கோபமில்லாமலே, "படத்திலை பொய் சொன்னா, அடுத்தமுறை புயலெண்டு எழுதேக்கை நாங்கள் எதை நம்புறது?" என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. எச்சரிக்கை உண்மையானதாகவே இருந்தது. அந்த உண்மைக்குத் துணையாக வைத்த படந்தான் அதன்மேல் ஐயத்தை உண்டாக்கியது. திருத்தம் எதுவும் நாங்கள் வெளியிடவில்லை.

அதன் பின்னர் 2004 மார்கழி 26 வந்தது. ஆழிப்பேரலைக்குப் பின் எங்களுக்கு வந்த படங்களிற் பெரும்பாலானவற்றில் வானம் வெளித்து நீலமாக இருந்தது. எந்த முகிலும் கட்டியம் கூறவில்லை. கறுத்த வானம் என்றால் ஆபத்து, கறுத்த வானம் என்றால் துயரம் என்று எழுதிப் பழகிய எனக்கு அந்த நீலம் பொறுக்க முடியாததாக இருந்தது. அவற்றில் எதையாவது யாரேனும் "பொருத்தமாக" இருளாக்கியிருந்தால், அன்று நடந்ததன் மிகக் கொடிய பகுதியை, அதாவது அது எவ்வித அறிகுறியுமின்றி வந்தது என்பதை, அழித்ததாகியிருக்கும்.

2006இல் லெபனான் போரின்போது பெய்ரூத் நகரின் மேலெழுந்த புகையைப் படியெடுத்துப் பெருக்கிய ஒருவரின் 920 படங்களையும் ரொய்ட்டர்ஸ் நிறுவனம் தன் சேமிப்பிலிருந்து நீக்கியது. செய்திப்படத்துக்கு அந்த விதி உண்டு, கலைப்படத்துக்கு ஏன் என்று மருமகன் கேட்கிறான். கலையென்று பெயரிட்டு, இணைத்த படம் என்று கீழே எழுதினால் எனக்கும் ஆட்சேபமில்லை. அவனோ "வல்வெட்டித்துறை, மார்கழி" என்றல்லவா எழுதியிருந்தான்? இடமும் மாதமும் எழுதிய கணத்தில் அது சாட்சியாகிவிடுகிறது. 1990இல் மக்கள் வெளியேறிய மயிலிட்டித் துறைமுகம் 2017இலேதான் திரும்பக் கிடைத்தது. அந்த இருபத்தேழு மாரிகளையும் ஊரவர் எவரும் அங்கு நின்று படமெடுக்கவில்லை. இவ்வளவு வெற்றிடம் உள்ள ஒரு கரையின் படத்தில் இரவல் வானத்தை வைப்பதற்குக் கொஞ்சம் தயக்கமாவது வேண்டாமா?

நான் கணினியிற் செய்வது அடிவானத்தை நேராக்குவது, விளிம்பை வெட்டுவது, தூசுப்புள்ளிகளை நீக்குவது, இருட்டறையிற் செய்ததைப் போலச் சில இடங்களைச் சற்று இருளவோ வெளிறவோ விடுவது. நிறம் ஒத்துழைக்காதபோது கறுப்பு வெள்ளையாக்குவதும் உண்டு. அன்று அக்கரையில் நின்ற ஒருவர் படத்தைப் பார்த்து "ஓம், இப்படித்தான் இருந்தது" என்று சொல்லவேண்டும். அதுவரைக்கும் போவேன்.

தைப்பொங்கலுக்கு முன்னர் ஒருநாள் விடியப்புறம் மருமகனும் நானும் மணற்காட்டுக்குப் போனோம். இரண்டு தடவை நனைந்தோம். சூரியன் வரவேயில்லை. அவன் எடுத்த அறுபது எழுபது படங்களில் ஒன்று தேறியது. மணலில் ஏற்றிவைத்த இரண்டு வள்ளங்கள், அவற்றுக்குப் பின்னால் ஈயநிறக் கடல், அதற்கு மேல் அவன் உயிரில்லை என்று சொல்லும் அதே வெள்ளை வானம். கீழ்ப்பக்கத்தில் வெறும் மணல் கூடுதலாகக் கிடக்கிறது, நாலில் ஒரு பங்கை வெட்டு என்றேன். "அந்த மணலும் அண்டைக்கு அங்கை இருந்ததுதானே மாமா?" என்று மறுத்துவிட்டான். வெட்டுவதுதான் சரி என்று இன்னும் நினைக்கிறேன்.