மிச்சமாகும் பணத்தில் யாருக்கு எவ்வளவு?

தெரு விளக்கு எரிய வேண்டும். குழாயில் தண்ணீர் வர வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். வரி வசூலானாலும் ஆகாவிட்டாலும், நகரசபைக்கு மின்சார பில் மட்டும் மாதம் தவறாமல் வந்துவிடுகிறது.

பழைய விளக்குகளும் பழைய மோட்டார்களும் மின்சாரத்தை விழுங்குகின்றன. புதியவற்றை மாட்டினால் பில் குறையும். இது அதிகாரிகளுக்குத் தெரியாததல்ல. வாங்குவதற்குக் கையில் பணம் இல்லை என்பதே தொல்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. கம்பெனி ஒன்று தன் பணத்தைப் போட்டு விளக்குகளை மாற்றித் தருகிறது. நகரசபை முதல் போட வேண்டியதில்லை. பில்லில் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைச் சில ஆண்டுகளுக்குக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. மிச்சம் ஏற்படாவிட்டால் கம்பெனிக்குப் பங்கும் கிடையாது. இதுதான் சேமிப்பு ஒப்பந்தம்.

அகோலாவில் நடந்தது

மராட்டிய மாநிலத்தில் பருத்திக்குப் பெயர்பெற்ற ஊர் அகோலா. அதன் மாநகராட்சி 2007-ம் ஆண்டில் இந்த முறையைக் கையாண்டது. 11,500-க்கு மேற்பட்ட தெரு விளக்குகள் மாற்றப்பட்டன. வேலை மூன்றே மாதத்தில் முடிந்தது. முழுச் செலவும் கம்பெனியுடையது. மின்சாரச் செலவில் 56 சதவிகிதம் மிச்சமாயிற்று.

அந்த மிச்சத்தில் 95 சதவிகிதம் கம்பெனிக்கு. 5 சதவிகிதம் மாநகராட்சிக்கு. ஒப்பந்தக் காலம் 6 ஆண்டுகள். விளக்குகளைப் பராமரிக்கத் தனிக் கட்டணமும் உண்டு.

எளிய கணக்காகப் பார்க்கலாம். முன்பு 100 ரூபாய் பில் என்றால் இப்போது 44 ரூபாய். மிச்சம் 56 ரூபாய். இதில் கம்பெனிக்கு 53 ரூபாய் 20 காசு. மாநகராட்சிக்கு 2 ரூபாய் 80 காசு. ஒப்பந்தம் முடிந்த பிறகே 56 ரூபாயும் மாநகராட்சிக்குச் சேரும்.

இது நியாயமா?

கம்பெனி போட்ட முதல் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர் என்று உலக வங்கியின் குறிப்பு கூறுகிறது. ஆண்டு மிச்சம் 1 லட்சத்து 33 ஆயிரம் டாலர். அதாவது, போட்ட முதல் 11 மாதத்துக்குள் திரும்பிவிடும். ஆனால் ஒப்பந்தமோ 6 ஆண்டுகள்!

மிச்சம் ஆண்டுதோறும் இதே அளவில் இருந்தால், 6 ஆண்டுகளில் கம்பெனியின் பங்கு ஏழரை லட்சம் டாலரைத் தாண்டும். வட்டி உண்டு, நஷ்ட பயம் உண்டு, வரவேண்டிய பணம் வராமல் போகும் ஆபத்தும் உண்டு. அவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய லாபமே.

இதற்காக அகோலாவைக் குறை கூறுவதற்கில்லை. அப்போது இந்த முறை நம் நாட்டுக்குப் புதிது. ஒப்பந்தம் செய்யாமலிருந்தால் அந்த 2 ரூபாய் 80 காசும் கிடைத்திராது. ஆனால், பின்னால் வருகிறவர்கள் அதே பங்கையும் அதே காலத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

ஜேம்ஸ் வாட் கண்ட வழி

இந்த யோசனை பழையது. நீராவி இயந்திரத்தைச் சீர்திருத்திய ஜேம்ஸ் வாட்டும் அவருடைய கூட்டாளி போல்டனும் 18-ம் நூற்றாண்டிலேயே இப்படி வியாபாரம் செய்தார்கள். இங்கிலாந்தில் கார்ன்வால் சுரங்கங்களில் தண்ணீர் இறைக்க அவர்களுடைய இயந்திரம் பயன்பட்டது. மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. இயந்திரம் கட்டும் செலவு சுரங்க முதலாளிகளுடையது. முதலை யார் போடுகிறாரோ அவருக்கே பெரும் பங்கு என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

இயந்திரம் எத்தனை தடவை ஓடியது என்று எண்ண ஒரு கருவியை வாட் பொருத்தினார். அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அப்படியும் 1790-களில் முதலாளிகள் பலர் பணம் தர மறுத்தார்கள். வழக்குகள் நடந்தன.

அளவும் பாக்கியும்

அதே இரு தொல்லைகள் இன்றும் உள்ளன. முதலாவது, அளவு. பழைய விளக்குகளில் பாதி எரியாமலிருந்தால் பழைய பில் குறைவாகவே இருக்கும். புதியவை எல்லாம் எரியும்போது, பில் குறையவில்லையே என்று நகரசபை கேட்கும். எல்லாம் எரிந்ததாக வைத்துக் கணக்கிடு என்று கம்பெனி சொல்லும். ஆகவே, வேலை தொடங்குமுன் எத்தனை விளக்கு, எத்தனை வாட், எத்தனை மணி நேரம் எரிகிறது என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். மீட்டர் இல்லாத இடத்தில் முதலில் மீட்டர் வைக்க வேண்டும்.

இரண்டாவது, பாக்கி. மத்திய அரசின் தெரு விளக்குத் திட்டம் 2015 ஜனவரியில் தொடங்கியது. பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனம் முதல் போட்டது. நாடெங்கும் 1 கோடிக்கு மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வந்தன. ஆனால் பல உள்ளாட்சிகள் தவணையைக் கட்டாமல் பாக்கி வைத்தன. பணம் வராவிட்டால் பழுதான விளக்கை யார் மாற்றுவார்கள்? தெரு மறுபடி இருளடையும்.

செய்ய வேண்டியவை

சிறிய நகரசபைக்குக் கம்பெனியோடு பேரம் பேசத் தகுந்த பொறியாளர் கிடைப்பது அரிது. மாநில அரசுகள் இங்கே உதவ வேண்டும். மாதிரி ஒப்பந்தம் தயாரித்துக் கொடுக்கலாம். பல நகரசபைகளைச் சேர்த்து ஒரே டெண்டர் விடலாம். கம்பெனியைச் சேராத ஒருவரைக் கொண்டு மிச்சத்தை அளக்கலாம். கம்பெனியின் பங்கைத் தனி வங்கிக் கணக்கில் மாதந்தோறும் ஒதுக்கி வைக்கச் செய்யலாம்.

பணம் திரும்பும் என்ற நம்பிக்கை இருந்தால் கம்பெனி குறைந்த பங்குக்கும் சம்மதிக்கும். தவணை தவறும் நகரசபைக்குத்தான் பேரம் பேச வாய் இராது.

மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் மக்கள் வரிப்பணம். அதில் யாருக்கு எவ்வளவு என்பதை நகரசபைக் கூட்டத்தில் எல்லோரும் அறிய வாசிக்க வேண்டும். அதன் பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.