கற்பிக்கும் கையும் படைக்கும் கையும்

சென்ற மாதம் நம் சங்கத்துச் சகோதரி ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். சணலாலும் பருத்திக் கயிற்றாலும் முடிச்சிட்டு, சுவரில் தொங்கவிடும் அழகிய வேலைப்பாடுகளைச் செய்பவர் அவர். ஞாயிறுதோறும் நம் குழந்தைகளுக்கு அக்கலையைக் கற்பித்தும் வருகிறார். கொலு வந்தால் தோரணம், பொங்கல் வந்தால் மேடை அலங்காரம் என்று நாமும் ஓயாமல் அவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். “எனக்கென்று தொடங்கிய வேலை ஒன்று சென்ற நவராத்திரியிலிருந்து பாதியில் ஆணியில் தொங்குகிறது. வகுப்பை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது” என்று எழுதியிருக்கிறார்.

இதைப் படித்ததும் நமக்கு ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன் அவர்களின் நினைவு வந்தது. 1924-ஆம் ஆண்டு கேரளத்துக் கூத்துப்பறம்பில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, பின் சாந்திநிகேதனம் சென்று நந்தலால் போஸ் முதலியோரிடம் கலை கற்றார். 1951 முதல் பரோடாவின் நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கினார். நம்மைப் போலவே பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழ்ந்தவர் என்பதால், அவர் நமக்கு உறவினர் போலத் தோன்றுகிறார்.

இடையில் 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில், பம்பாயில், வடிவமைப்புப் பணி ஆற்றினார். நூலையும் நெசவையும் அருகிருந்து அறிந்த அவர் மீண்டும் பரோடாவுக்கே திரும்பினார். அங்கே 1960-களில் நடந்த கலைச் சந்தைகளுக்காக ஆசிரியரும் மாணவரும் ஒன்றாக அமர்ந்து பொம்மைகள் செய்தார்கள். ஊர் மக்கள் வந்து வாங்கிச் சென்றார்கள். மரம், தோல், மணி ஆகியவற்றைக் கொண்டு சுப்பிரமணியன் செய்த பொம்மைகள் இன்றும் கலை அன்பர்களால் போற்றப்படுகின்றன. சந்தைக்கென்று செய்த வேலையும் அவருடைய கலையில் ஒரு பகுதியாகவே நின்றுவிட்டது.

அவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் மிருணாளினி முகர்ஜி. 1965 முதல் 1972 வரை பரோடாவில் கற்ற அம்மையார், சணல் கயிற்றுக்குச் சாயமேற்றி, தறியின்றிக் கையாலேயே முடிச்சிட்டு, ஆளுயரத்துக்கும் மேற்பட்ட உருவங்களைச் சமைத்தார். 1984-இல் அவர் செய்த ‘யக்ஷி’ அவற்றுள் ஒன்று. ஓர் உருவம் முடியப் பல மாதங்கள் ஆகும். 2015-இல் அவர் மறைந்தபின், 2019-இல் நியூயார்க் நகரத்து மெட் பிரூயர் அரங்கில் அவருடைய படைப்புகள் பெருங் கண்காட்சியாக வைக்கப்பட்டன. ஆசிரியர் வகுப்பறையில் ஊன்றிய விதை எங்கே சென்று காய்த்தது, பாருங்கள்!

ஆகவே, “சகோதரியே, வகுப்பை விடாதீர்கள்” என்று எழுதிவிடத்தான் முதலில் எண்ணினோம். பேனாவை எடுத்த பிறகு மனம் தயங்கியது. சுப்பிரமணியனுக்குக் கற்பித்தலே உத்தியோகம். மாதச் சம்பளம் உண்டு. வேலை செய்யப் பட்டறையும், சுமையைப் பகிரச் சக ஆசிரியர்களும் இருந்தனர். நம் சகோதரிக்கு என்ன இருக்கிறது? சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே ஓர் ஆணி. நூலைக்கூடத் தம் கைப்பணத்தில்தான் வாங்குகிறார். அவருடைய நேரத்தை வகுப்பு தின்றது என்பதைவிட, கேட்டபோதெல்லாம் கிடைக்கும் என்று எண்ணிய நாம் தின்றோம் என்பதே பொருந்தும்.

எனவே நம் யோசனைகளைச் சங்கத்தாரின் முன் வைக்கிறோம். மாதத்தில் இரண்டு ஞாயிறுகள் மட்டும் வகுப்பு நடக்கட்டும். மற்ற இரண்டும் சகோதரிக்கே உரியவை. நூல், கயிறு, சாயம் ஆகியவற்றின் செலவைச் சங்கம் ஏற்கட்டும். மூன்றாண்டு கற்ற பெரிய பிள்ளைகள் சிறுவர்களுக்கு முதல் முடிச்சுகளைச் சொல்லிக் கொடுக்கட்டும். கற்பிப்பதால் அவர்களுக்கும் கை தெளியும். விழா அலங்காரம் வேண்டுமெனில் இரண்டு மாதம் முன்னரே கேட்போம். உரிய ஊதியமும் கொடுப்போம். “நம்மவர்தானே” என்ற சொல்லைச் சொல்லி விலை பேசும் வழக்கத்தை இத்துடன் விட்டொழிப்போம்.

சகோதரிக்கும் ஒரு வார்த்தை. ஆணியில் தொங்கும் அந்த வேலையைக் குழந்தைகள் காணுமாறு வகுப்பறையிலேயே தொங்கவிடுங்கள். ஆசிரியை தமக்கென்றும் ஒன்று செய்கிறார் என்பதை அவர்கள் கண்ணால் காண்பதும் ஒரு பாடமே. வருகிற நவராத்திரியில் கொலுவுக்குப் பக்கத்துச் சுவரை உங்களுக்காக ஒதுக்கி வைக்கச் சொல்லுவோம். தோரணம் கட்ட இம்முறை நாங்களே ஏணி ஏறுகிறோம்.