அபாயம் மட்டும்தான் தாய்மொழியிலா?

கொல்கத்தாவின் அலிப்பூரில் பெயர்பெற்ற இரு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, பெல்வெடேர் வளாகத்துத் தேசிய நூலகம். நாட்டில் எம்மொழியில் நூல் வெளியானாலும் ஒரு படி அங்கே சேர வேண்டும் என்கிறது 1954ஆம் ஆண்டுச் சட்டம். மற்றொன்று, 1912இல் ரயில்வே வாரியத்தின் கீழ்த் தோன்றிய தேசியச் சோதனைக் கூடம். மின்பொருள் உள்ளிட்ட சரக்குகளின் தரத்தை ஆய்ந்து சான்றளிப்பது அதன் பணி. நூலைப் போற்றவும் கருவியைச் சோதிக்கவும் இடம் கண்ட நாட்டில், கருவியோடு வரும் நிறுவல் கையேடு எவருடைய கவனத்துக்கும் உரியதாகவில்லை. அதன் மொழி தொழிலாளிக்கு விளங்குமா என்று கேட்பாரில்லை.

இது மொழிப்பற்றின் புலம்பலன்று, உயிர்ப் பிரச்சினை. ஆலை, மருத்துவமனை, அடுக்குமாடி ஆகியவற்றின் மின்பேனல்களில் உள்ள மீட்டர்களுக்குள் இன்று தகவல்தொடர்பு மாட்யூல்கள் பொருத்தப்படுகின்றன. முன்பு ஒருவர் நேரில் சென்று குறித்துவந்த அளவுகளை அவை கணினிக்கு அனுப்பும். பார்வைக்கு அது கணினியின் ஓர் அட்டை, கையால் செருகிவிடலாம். அந்த எளிமையே பொறி. அட்டை சில வோல்ட்டில் இயங்குவது. அது செருகப்படும் பேனலிலோ 415 வோல்ட் ஓடுகிறது.

மீட்டரின் திரை அணைந்துவிட்டால் மின்சாரம் இல்லையென்று நம்புவது இயல்பு. ஆனால், மீட்டர் இயங்குவதற்கான மின்சாரம் ஒரு வழியிலும், அது அளக்கும் மின்சாரம் வேறு வழியிலும் வருவதுண்டு. முன்னதை நிறுத்தினால் திரை இருளும். பின்னதன் முனைகள் உயிரோடிருக்கும். சி.டி. இன்னும் வஞ்சகமானது. முதன்மைக் கம்பியில் மின்னோட்டம் இருக்கையில் அதன் இரண்டாம் சுற்றை ஷார்ட் செய்யாமல் கழற்றினால், திறந்த முனைகளில் ஆளைக் கொல்லத்தக்க மின்னழுத்தம் எழும். ஆகவேதான் எல்லா மின்வழிகளையும் நிறுத்திப் பூட்டுதல், தக்க சோதனைக் கருவியால் ஒவ்வொரு முனையையும் சோதித்தல், சி.டி.யை ஷார்ட் செய்தல், மூடிகளை மாட்டிய பின்னரே மின்சாரம் கொடுத்தல் என்று முறை வகுத்துள்ளனர். பெரும்பாலும் இம்முறை அச்சாகியிருப்பது ஆங்கிலத்தில்.

நம் சட்டம் மொழியை அறியாததன்று. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளும், அவற்றின் இடத்துக்கு வந்த 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும், அபாய அறிவிப்பு இந்தி அல்லது ஆங்கிலத்தோடு மாவட்ட மொழியிலும் இருக்கவேண்டும் என்றன. மின்னதிர்ச்சிக்கு ஆளானவரை மீட்கும் குறிப்புக்கும் அதே கட்டளை. விளைவு என்ன? பேனலின் கதவில் ‘அபாயம்’ என்பது வங்காளத்தில் இருக்கும். அடிபட்டவரைப் பிழைக்கவைக்கும் வழியும் வங்காளத்தில் இருக்கும். அடிபடாமல் வேலை செய்யும் வழி மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும்!

மேற்பார்வையாளர் சொல்லித் தருவார் என்பது வழக்கமான விடை. அவர் இல்லாத இரவுக்கு யார் பொறுப்பு? படங்கள் போதுமென்பர் சிலர். மண்டையோடு ‘தொடாதே’ எனலாம். ‘இதற்குப் பின் அதைத் தொடு’ என அதற்குச் சொல்லத் தெரியாது. செலவு மிகும் என்பது மூன்றாம் விடை. பூச்சிமருந்தின் சீட்டும் துண்டறிக்கையும் வட்டார மொழியிலும் அச்சாகவேண்டும் என்று 1971ஆம் ஆண்டு விதிகள் பணித்தபோது அத்தொழில் அழிந்துவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் குறைமின்னழுத்தக் கட்டளையும், பாதுகாப்புக் குறிப்புகள் பயன்படுத்துவோர்க்கு எளிதில் விளங்கும் மொழியில் வேண்டும் என்கிறது. அங்கே கடமையாவது இங்கே மட்டும் ஆடம்பரமா?

பெயருக்கு ஒரு மொழிபெயர்ப்பு இருந்தால் போதும் என்பதும் பிழை. ‘சி.டி.யைக் கழற்றுமுன் ஷார்ட் செய்க’ என்பது இலக்கணம் வழுவாத தமிழ். எனினும் இரண்டாவதாகச் செய்யவேண்டிய செயல் அதில் முதலில் காதில் விழுகிறது. கையும் முதலில் அங்கேதான் செல்லும். ‘முதலில் ஷார்ட் செய்க, பிறகு கழற்றுக’ என்பதே உயிர்காக்கும் தமிழ். ‘சி.டி.’ என்றே அறிந்தவரிடம் ‘மின்னோட்ட மின்மாற்றி’ என்று மட்டும் எழுதினால் அதுவும் அந்நிய மொழியே.

அலிப்பூரின் குறை அம்பத்தூருக்கும் உரியது. அங்கே பேனலின் முன் நிற்பவர் வங்காளியாகவோ ஒடியராகவோ இருக்கலாம். மாவட்ட மொழி என்ற அளவுகோலும் இனிப் போதாது. வேலை செய்பவரின் மொழியே அளவுகோலாகவேண்டும். அம்மொழியில் கையேடில்லாத கருவியை அரசு வாங்கக் கூடாது. சோதனைக் கூடங்கள் சான்றளிக்கவும் கூடாது. கருவியைச் சோதிக்கும்போது அதன் கையேட்டையும் ஒரு தொழிலாளியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லவேண்டும். அவர் தடுமாறும் வரி, திருத்தப்படவேண்டிய வரி. அதைத் திருத்தாமல் அவர் அடிபட்டபின் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவது, குற்றத்தை இறந்தவர் தலையில் ஏற்றுவதாகும்.