தொலைஞ்சது நாங்களில்லை

மருத்துவ ஆய்வு அறிக்கைகளில் ஒரு வரி வரும்: இத்தனை பேரைச் சேர்த்தோம், அதில் இத்தனை பேர் 'தொடர் கண்காணிப்பில் தொலைந்துபோயினர்'. தீவுப்பகுதியில் பிறந்த எங்களுக்கு அதை வாசிக்கச் சிரிப்பும் வருது, கோபமும் வருது. ஆர் தொலைஞ்சது? நெடுந்தீவு ஆச்சி வீட்டிலதான் இருக்கிறா. சோழகம் அடிக்குது, குறிகட்டுவானுக்குப் படகு ஓடேல்லை.

பிரஷர் மருந்தொன்றைப் பரிசோதிக்கத் திட்டம் எழுதுகிறார்கள் என்று வையுங்கோ. இரண்டு கிழமைக்கு ஒருக்கா, காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றோட யாழ்ப்பாணத்தில நிற்கவேணும். நெடுந்தீவில இருந்து ஒரு மணித்தியாலக் கடல், பிறகு புங்குடுதீவு, வேலணை தாண்டி பஸ். எட்டு மணிக்கு நிற்க முதல்நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில படுக்கவேணும். அந்த நாள் கூலி போச்சு, ஆடு மாடு பார்க்க ஆள் தேடவேணும். திட்டம் எழுத முதல் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பம்: இரத்தத்தை இங்கத்தை ஆஸ்பத்திரியிலேயே எடுங்கோ, சோழக மாதங்களுக்கு மருந்தைக் கூடத் தந்துவிடுங்கோ.

இன்னொரு வகை இருக்கு, அது இதைவிட மோசம். 'தீவாக்கள் ஒழுங்காக வரமாட்டினம்' எண்டு முதலே விலத்திவிடுவது. பட்டணத்து உடம்பில் சோதித்த மருந்தைக் கடைசியில் எங்கட கிளினிக் கொப்பியில எழுதுவினம்.

சனத்துக்கு என்ன விஞ்ஞானம் தெரியும் எண்டு கேட்பவர்களுக்கு: சனத்துக்குக் கேள்வி தெரியும். ஒடியல் கூழ் குடிச்சால் சீனி ஏறுமோ? சவர்த்தண்ணியில நிண்டு வேலை செய்யிற கால் புண்ணை என்னெண்டு ஆத்துறது? சலரோகக்காரர் தினமும் கேட்கிற இவை எந்த ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் இருக்கு?

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வை நினைச்சுப் பாருங்கோ. சானடோரியத்தில் வைத்துப் பார்ப்பதா, நெருக்கடியான ஏழை வீட்டிலேயே மருந்து கொடுப்பதா என்பதுதான் அதன் கேள்வி. வீட்டு வைத்தியமும் ஏறக்குறைய அதே பலன் தந்தது என்று 1959இல் முடிவு வந்தது. அவர்களும் நோயாளரைக் கூப்பிட்டு இருத்தித் திட்டம் போட்டதாக நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நோயாளி வாழ்ந்த வீட்டுக்குள்ள போனது.

இப்ப அது பெருந்தன்மையும் இல்லை. 2024இல் திருத்தப்பட்ட ஹெல்சிங்கிப் பிரகடனம், பங்கேற்பாளரோடும் அவர்களின் சமூகத்தோடும் ஆய்வுக்கு முன்பும், நடக்கும்போதும், பின்பும் பேசவேணும், வடிவமைப்பிலும் அவர்களுக்கு இடம் வேணும் என்கிறது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரைப் 'பொதுமக்கள் பிரதிநிதி' எண்டு குழுவில இருத்தி, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அடிச்சு, 'இதில கையெழுத்து வையுங்கோ அம்மா' எண்டு நீட்டுவது அந்த இடம் இல்லை. கையெழுத்துக் கேட்கும்போது திட்டம் முடிஞ்சு போச்சு.

ஆகவே ஆய்வு எழுதுகிறவையே, நிதிக்கு விண்ணப்பம் அனுப்ப முதல் ஒருக்கா படகேறி வாங்கோ. தையில வேண்டாம், ஆடியில வாங்கோ.