டெல்லி வளைய மெட்ரோவின் கால அட்டவணை: எங்கள் நிலைப்பாடு

டெல்லி மெட்ரோவின் பிங்க் லைன், மஜ்லிஸ் பார்க் – மௌஜ்பூர் பகுதியால் வளையமாக மூடுகிறது. மௌஜ்பூரிலிருந்து கோகுல்புரி வழியாக சிவ் விஹார் செல்லும் சிறு கிளை மட்டும் வளையத்துக்கு வெளியே நீள்கிறது. இந்தத் தடத்தில் ரயில்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. ஒவ்வொரு சுற்றும் சிவ் விஹாரில் தொடங்க வேண்டும் அல்லது அங்கே முடிய வேண்டும் என்பதே பயணிகள் அமைப்பாகிய எங்கள் நிலைப்பாடு.

முனையம் உள்ள தடத்தில் ரயில் நான்கு நிமிடம் பிந்தி வந்தாலும், திரும்புவதற்கு ஒதுக்கிய நேரத்தில் அதை ஈடுகட்டி, அடுத்த நடையை நேரத்துக்கு எடுத்துவிடலாம். வட்டத்தில் அதற்கு வழியில்லை. காலை நெரிசலில் ஒரு நிலையத்தில் கதவு மூடத் தாமதமானால், அந்த ரயிலுக்கு முன்னால் இடைவெளி விரிகிறது. அடுத்த பிளாட்பாரத்தில் கூட்டம் சேர்கிறது, ஏறி இறங்க இன்னும் நேரம் பிடிக்கிறது. பின்னால் வரும் ரயில் பாதி காலியாக அதை ஒட்டியே ஊர்கிறது. அடுத்த சுற்றிலும் இதே கதைதான்.

கணக்கையும் பாருங்கள். பெர்லினின் ரிங்பான் 37 கி.மீ., ஒரு சுற்றுக்கு 60 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் திசைக்கு 12 ரயில்கள் கச்சிதமாகப் பொருந்தும். சுற்று 63 நிமிடமானால், அதே 12 ரயில்களுக்கு இடைவெளி ஐந்தேகால் நிமிடமாகிவிடும். பதின்மூன்றாவது ரயிலை விட்டாலோ, சுற்றை 65 நிமிடமாக இழுக்க வேண்டும். மிஞ்சும் இரண்டு நிமிடத்தைப் பயணிகளை உள்ளே வைத்துக்கொண்டு எங்காவது நின்றே கழிக்க வேண்டும்.

லண்டன் இதை 1884 முதலே அனுபவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் ‘உள்வட்டம்’ என்ற ரயில் தடம் முழுமையானபோது மணிக்கு எட்டு ரயில்கள் என்று தொடங்கினார்கள். தாக்குப்பிடிக்கவில்லை, அடுத்த ஆண்டே ஆறாகக் குறைத்தார்கள். கார்டுகளுக்கு 1885 செப்டம்பர் வரை பணி நேரத்தில் ஓய்வு இடைவேளைகூட இல்லை. நூற்றாண்டுக்கு மேல் சமாளித்துவிட்டு, 2009 டிசம்பரில் வட்டத்தை அவிழ்த்து, ஹேமர்ஸ்மித்திலிருந்து கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி எட்ஜ்வேர் ரோட்டில் முடியும் சுருளாக்கினார்கள். ஹேமர்ஸ்மித் கிளைக்குக் கூடுதல் ரயில்களும் கிடைத்தன. சிவ் விஹார் மக்களுக்கும் அது கிடைக்க வேண்டும்.

லண்டனில் வேறு தடங்களும் அதே தண்டவாளத்தில் ஓடுகின்றன, டெல்லியில் அப்படியில்லை என்பார்கள். சரிதான். டோக்கியோவின் யாமனோதே தடம் வட்டமாகவே ஓடுவதும் உண்மை. ஆனால் அது 34.5 கி.மீ.; பிங்க் லைனின் முழு நீளம் சுமார் 71 கி.மீ. அவ்வளவு தூரம் சேரும் தாமதத்தைக் கழிக்க ஓரிடம் வேண்டாமா? 2021 முதல் ஓட்டுநரில்லா ரயில்கள் ஓடுகின்றனவே என்பதும் பதிலாகாது. கூட்டம் பிளாட்பாரத்தில்தானே கூடுகிறது!

எங்கள் யோசனையால் ஒரு தரப்புக்கு இழப்பு உண்டு. மௌஜ்பூரைக் கடந்து நேராகச் செல்வோர் அங்கே இறங்கி மாற வேண்டியிருக்கும். முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருவோருக்கும் இது சிறிய சிரமமல்ல. எனவே படியேறாமல் மாறும் வசதியும், இணைப்பு ரயில் காத்திருந்து புறப்படும் ஏற்பாடும் இல்லாமல் இந்த மாற்றத்தை நாங்கள் ஆதரிக்க மாட்டோம்.

முழு வட்ட ஓட்டமே இறுதி முடிவானால், நேரம் சரிசெய்யும் நிறுத்தங்களை அட்டவணையில் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். முகுந்த்பூர் பணிமனையில் மாற்று ரயில் தயாராக நிற்க வேண்டும். நேரந்தவறாமைச் சதவீதத்தோடு, ரயில்களுக்கு இடையே உண்மையில் இருந்த இடைவெளியையும் நிலையவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும்.